எமன் வீட்டு வாசலில் தேசம்மா

ஒல்லாந்தர் கல்லறையின் வாசலில் தேசம்மா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மதிய வெயில். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து மூடிக்கொண்டு, முதுகை நேராக வைத்து, பூட்டியிருந்த கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதை அப்போதுதான் எட்டிக்கொண்டிருந்த பெண்.

ஓடி வந்த மூச்சு எனக்கு அடங்கவில்லை. "இங்க இன்னா பண்ற தேசம்மா?"

"எமன் வெளிய போயிருக்காரு டீச்சர். வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கணும்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் அழுகை இல்லை, பயம் இல்லை. ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவர்கள் சொல்வதைப் போலச் சொன்னாள்.

கதை தெரியாத டீச்சர்

தோணிரேவு பால்வாடியில் நான் வேலைக்குச் சேர்ந்ததை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லியிருந்தேன். காட்டூரில் எங்களுக்கு நிலம் இல்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். எனக்குத் தெரிந்த கதைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டவைதான்.

பழவேற்காட்டில், கோட்டை மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்திருந்தேன். என் கணவர் பம்பாயில் இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். காலையில் ஏரியோரமாகத் தோணிரேவுக்கு நடை. சாயங்காலம் அதே வழியில் திரும்பி நடை. இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர்களின் குரல்.

ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பதைப் போலக் கஷ்டமான சமையல் இல்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சிவிடும். மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு ரேடியோ அணைந்ததும் நானும் விளக்கை அணைத்துவிடுவேன்.

சேர்ந்த புதிதில் கன்னியப்பன் என்பவர் பால்வாடிக்கு வந்தார். ஊரில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. கதவருகிலேயே நின்று, பிள்ளைகள் பாட்டுப் பாடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க எந்தச் சாமிய கும்புட்டாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்க புள்ளைங்களுக்கு எங்க சாமி கதைய சொல்லணும். நாங்க விடிகாலைல மீன் புடிக்கப் போனா வெயிலோட வர்றோம். எங்களுக்கு எங்க நேரம்?"

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"கத்துக்குங்க" என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

பாற்கடலில் இன்னா மீன்

பொன்னேரி பஸ் நிலையத்தில் பெட்டிக்கடை ஒன்றில் குழந்தைகளுக்கான புராணக் கதைப் புத்தகங்கள் தொங்கும். மெல்லிய தாள், கெட்டியான சாயப் படங்கள். சனிக்கிழமை தோறும் ஒன்று வாங்கி வருவேன். அறையில் சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பேன். சுவருக்குத்தான் முதலில் கதை சொன்னேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொன்னால் கதை வேறொன்றாகிவிடும். பாற்கடலைக் கடைந்த கதையைச் சொன்ன அன்று ஒருவன் கை தூக்கினான். "பாலுல இன்னா மீன் டீச்சர் கெடைக்கும்?" பால்சுறா என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மச்ச அவதாரத்தைச் சொன்னபோது வகுப்பே சங்கடப்பட்டது. மனுவின் கையில் அகப்பட்ட குட்டி மீன், என்னைக் காப்பாற்று என்கிறது. அவன் செம்பில் விட்டு வளர்க்கிறான். "ஏன் வுட்டான்?" என்றார்கள். மீன்தான் சாமி என்றேன். மறுநாள் இரண்டு வீட்டில் பிள்ளைகள் குழம்பைத் தொடவில்லை என்று அம்மாக்கள் வந்து நின்றார்கள். எல்லா மீனும் சாமி இல்லை, அந்த ஒரு மீன்தான் என்று பிள்ளைகளைக் கூட்டி வைத்து விளக்க வேண்டியதாயிற்று.

தேசம்மா அப்போதெல்லாம் எதையும் கேட்கமாட்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். கதை முடிந்து மற்றவர்கள் எழுந்து ஓடிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். அவளுக்கு இன்னும் முடியவில்லை என்பதுபோல.

அந்த நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு வீடு

தேசம்மாவின் அப்பா ஏழுமலை. கன்னியப்பனின் தம்பி. அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, கடலுக்குப் போகும் படகு ஒன்றில் இன்னும் இரண்டு பேருடன் போனார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிவிட்டது. இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஏழுமலை வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

தேடாத இடம் இல்லை. பக்கத்துத் தீவிலிருந்து பசியாவரத்துக்காரர்கள்கூடப் படகு எடுத்துத் தேடினார்கள். பிறகு பேச்சுகள் வரத் தொடங்கின. போகிற கப்பல் ஒன்று தூக்கியிருக்கும் என்றார் ஒருவர். ஆந்திரா பக்கம் ஒரு துறைமுகத்தில் அவரைப் போலவே ஒரு ஆளைப் பார்த்ததாக ஐஸ் வண்டி ஓட்டுபவர் சொன்னார்.

அண்ணன் வீடு காத்திருந்து பார்த்துவிட்டுக் கருமாதி செய்தது. கன்னியப்பன் வீட்டுச் சுவரில் ஏழுமலையின் படத்துக்கு மாலை போட்டார்கள். தேசம்மாவின் அம்மா கோவிந்தம்மா அந்தப் பக்கமே போகவில்லை. தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ராத்திரிச் சோற்றில் ஒரு தட்டு போட்டு மூடி வைத்தாள். வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். காலையில் பெரிநைனா கன்னியப்பன் வீட்டில் இட்லி தின்னும்போது தேசம்மாவின் நைனா செத்துப்போயிருப்பார். ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கும்போது அவர் வந்துகொண்டிருப்பார். ஒரு வீட்டில் பேசியதை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகவே தெரிந்துகொண்டது.

நசிகேதன்

தை பிறந்த பிறகு ஒரு நாள் நசிகேதன் கதையைச் சொன்னேன்.

நசிகேதனின் அப்பா ஒரு யாகம் செய்கிறார். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுக்கிறார். இது சரியா என்று மகன் கேட்கிறான். என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். எரிச்சலில் அப்பா, "உன்னை எமனுக்குக் கொடுத்தேன்" என்றுவிடுகிறார். நசிகேதன் கிளம்பிப் போய்விடுகிறான். எமன் வீட்டில் இல்லை. வாசலிலேயே மூன்று நாள், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். திரும்பி வந்த எமன், வீடு தேடி வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று பதறி மூன்று வரம் தருகிறான்.

முதல் வரம், அப்பாவின் கோபம் தணிய வேண்டும். இரண்டாவது, சொர்க்கத்துக்குப் போகும் யாகம். மூன்றாவதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது பெரியவர்களுக்கானது என்று தோன்றியது. மூன்று வரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் என்று முடித்துவிட்டேன்.

"எமன் வூடு எங்க கீது டீச்சர்?" என்றான் ஒருவன்.

நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் சொன்னான். "பழவேற்காட்ல. வாசல்ல ரெண்டு எலும்பு நிக்கும். நான் பாத்துக்கீறேன்."

"டேய், அது ஒல்லாந்தர் கல்லறைடா" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா வழக்கம்போல எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லில் நிற்பவர்கள்

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்று மண்டையோடு ஏந்தியிருக்கும். இன்னொன்றின் தலைமேல் மணல் கடிகாரம். கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே கோட்டை கட்டி, இங்கேயே செத்துப்போன ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், உள்ளே படுத்திருக்கிறார்கள். கோட்டை இப்போது முள் மண்டிய மேடு. கல்லறைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நான் அங்கே போவதுண்டு. காவல்காரர் கதவைத் திறந்துவிடுவார். பொறித்திருக்கும் மொழி எனக்குத் தெரியாது. எண்கள் மட்டும் புரியும். கழித்துப் பார்த்தால் இருபதைக் கூட எட்டாத பெண்கள் இருந்தார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் இருந்தார்கள். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்காகத்தான் போனேன்.

ஒரு குழந்தையின் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை யோசித்தேன். இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் இந்த ஊர்க்காரியாகத்தான் இருந்திருப்பாள். கோட்டைக்குள் வேலைக்குப் போன மீனவப் பெண் யாராவது. அவள் அதற்கு என்ன கதை சொல்லித் தூங்க வைத்திருப்பாள்? அவளுக்குத் தெரிந்த சாமிகளைத்தானே சொல்லியிருக்க முடியும். அந்தக் குழந்தைக்கும் தமிழில்தான் எமனைத் தெரிந்திருக்கும். தன் சாமியை அடுத்தவர் பிள்ளைக்குச் சொன்னவள் அவள். அடுத்தவர் சாமியை அவர்கள் பிள்ளைக்கே சொன்னவள் நான். அவளோடு பேச முடிந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். பழவேற்காட்டில் எனக்குத் தோழி என்று தோன்றிய முதல் ஆள், இருந்தாளா என்றே தெரியாத அவள்தான்.

வாசலில்

கதை சொன்ன இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு உட்கார வைத்தபோது தேசம்மாவின் இடம் காலியாகக் கிடந்தது. சைக்கிளில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒருவர், "ஏழுமலை பொண்ணு பழவேற்காட்டுப் பக்கமா தனியா போவுதே" என்றார். பால்வாடி ஆயாவிடம் கோவிந்தம்மாவுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு ஓடினேன்.

எமன் வெளியே போயிருக்கிறார் என்று அவள் சொன்னதும் நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். உதடு காய்ந்திருந்தது.

"காலைல இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல. அவனும் சாப்டல இல்ல?"

கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். மண்ணைப் பிடித்துக்கொண்டு கனமானாள். நானும் விட்டுவிட்டேன்.

"நைனாவைத் திருப்பிக் குடுன்னு கேக்கப் போறியா?"

இல்லை என்று தலையாட்டினாள். "குடுக்க மாட்டாரு. அவரு வேலையே அதான்னு நீதானே சொன்ன?"

"அப்புறம் இன்னா கேக்கப் போற?"

"உள்ள கீறாரா இல்லியான்னு. பெரிநைனா வூட்டுக்காரங்க உள்ள கீறாருன்னு சொல்றாங்க. அம்மா இல்லன்னு சொல்லுது. ரெண்டு பேரும் அழுவுறாங்க. இவருக்குத்தானே டீச்சர் தெரியும்."

நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது வரம் அதுதான். செத்தவன் இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது நிஜம் என்று நீ சொல் என்றுதான் நசிகேதன் எமனைக் கேட்கிறான். பெரியவர்களுக்கானது என்று நான் நினைத்த கேள்வியை எடுத்துக்கொண்டு, தோணிரேவிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருந்தாள்.

மண்ணில் உட்கார்ந்தேன். விட்டதைச் சொன்னேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதே என்று எமன் கெஞ்சினான். யானை தருகிறேன், பொன் தருகிறேன், நூறு வயசு தருகிறேன் என்றான். நசிகேதன் எதுவும் வேண்டாம் என்றான்.

"சொன்னாரா?"

"சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் பதில் இருந்தது. கோயிலில் பாதிரியார் சொல்லும் பதில் ஒன்றும் எனக்குத் தெரியும். இரண்டையும் மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல எதுவும் போதவில்லை.

"படிச்சேன் தேசம்மா. எனக்குப் புரியல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உங்க வூட்டுக்காரரும் வர்றதே இல்ல. அவரும் உள்ள கீறாரா?"

கல்யாணமான ஆறாம் மாதம் பெயின்ட் வேலைக்கு என்று பம்பாய்க்கு ரயிலேறிப் போனவர். ஒரு பொங்கலுக்கு வந்தார். அதோடு சரி. போய்த் தேட எனக்கு முகவரிகூட இல்லை. அந்த வருஷங்களில் என்னை அப்படி நேராக ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியாது" என்றேன்.

"அப்ப நீயும் குந்து" என்றாள். நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டாள்.

நாங்கள் இருவரும் அந்தப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஏரிப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

வந்த விருந்தாளி பட்டினி கிடந்தது எமனுக்கே பொறுக்கவில்லை என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். யோசித்தாள். சரி என்றாள். எதிர்க் கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கி வந்தேன். பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் கோவிந்தம்மா வந்தாள்.

மாதக்கணக்கில் வெயிலைப் பார்க்காத உடம்பு. தலை கலைந்து, செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று பயந்து குழந்தைக்கு முன்னால் நகர்ந்தேன். தேசம்மா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"நைனா உள்ள கீறாரா இல்லியான்னு கேக்க வந்தேன் மா."

கோவிந்தம்மா அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. மெதுவாகக் கீழே உட்கார்ந்து மகளின் வாயோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கை முந்தானையால் துடைத்தாள்.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "வந்துடுவாருன்னு சொல்லிக்கினே இருந்தேன். தெரியாது எனக்கு."

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை எழுத என்னிடம் தமிழ் இல்லை. தேசம்மா அம்மாவின் மடியில் படுத்து, சாப்பிட்ட அசதியில் தூங்கிவிட்டாள். கோவிந்தம்மா தோளில் போட்டுக்கொண்டு போனாள். நான் டீ கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு என் அறைக்கு நடந்தேன்.

மறுநாள்

காலையில் கன்னியப்பன் பால்வாடிக்கு வந்தார். கூட ஊர்க்காரர்கள் சிலர்.

"சாமி கதைய சொல்லச் சொன்னா, கல்லறைக்கு அனுப்பிக்கீறீங்க. உங்காளுங்க கல்லறைக்கு. இது இன்னா வேலை? மேல எழுதிப் போட்டு வேற ஆளக் கேக்கப் போறோம்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு காட்டூருக்குப் போவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் பின்கட்டு அறை போலத்தான் இருக்கும்.

கோவிந்தம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டத்தைப் பார்த்தும் ஒதுங்கவில்லை.

"மாமா, டீச்சர் அனுப்பல. நம்ம ரெண்டு வூடும் சேர்ந்துதான் அனுப்பிச்சோம்."

கன்னியப்பன் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"நீங்க படத்துல இருக்கற மாலைய எடுத்துடுங்க. நானும் தட்டு வெக்கறத நிறுத்திடறேன். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததப் புள்ளைகிட்ட தெரிஞ்ச மாதிரி சொல்ல வேணாம்."

கன்னியப்பனுக்கும் தம்பிதானே. ஏழுமலை போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார். என்னைப் பற்றி மேலே யாருக்கும் எழுதவில்லை. படத்திலிருந்த மாலை அந்த வாரமே இறங்கிவிட்டது என்று பால்வாடி ஆயா சொன்னாள். படம் அதே ஆணியில் இருந்தது.

மாசி மாதத்திலிருந்து கோவிந்தம்மா கூடை தூக்கிப் பொன்னேரி சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். பொட்டு வைத்துக்கொண்டுதான் போனாள். ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள்.

ஜூன்

பள்ளிக்கூடம் திறந்த அன்று தேசம்மாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். கோவிந்தம்மாவுக்குத் தனியாகப் போகக் கூச்சம். தேசம்மாவுக்கு எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

தலைமையாசிரியர் ஊருக்குப் புதியவர். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். குழந்தையின் பெயர் கேட்டார். அம்மா பெயர் கேட்டார். பிறகு கோவிந்தம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அப்பா வரலையா? இருக்காரு இல்ல?" என்றார்.

கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள். நான் குறுக்கே ஏதாவது சொல்லிச் சமாளிக்க நினைத்தேன். அதற்குள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தேசம்மா சொன்னாள்.

"தெரியாது சார். எமன்கிட்ட கேட்டுக்கீறோம்."